கணக்கு ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்: கிரிக்கெட் ரசிகனின் கதை

சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல், இரண்டு மாவட்டங்களின் எல்லையை ஒட்டி இருக்கிறது தொப்பூர். பெயரைச் சொன்னதும் கணவாய்ச் சாலைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இங்கிருந்து பெங்களூர் சின்னசாமி மைதானம் ஏறக்குறைய 160 கி.மீ. சென்னை சேப்பாக்கம் மைதானமோ 300 கி.மீ.க்கும் மேல். வெறும் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், தொப்பூர்க்காரர் ஆதரிக்க வேண்டிய ஐபிஎல் அணி பெங்களூர்தான். ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களைப் போல இந்தப் பக்கமும் விசில் பறப்பது சென்னைக்குத்தான். எந்த ரசிகனும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தன் அணியைத் தேர்ந்தெடுப்பதில்லை.

முதல் கணக்கு அங்கேயே தோற்றுவிடுகிறது. அடுத்த கணக்கு டிவி திரையில் வருகிறது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மூலையில் ஒரு கட்டம் தோன்றும். வெற்றி வாய்ப்பு: இந்த அணிக்கு 96 சதவீதம், அந்த அணிக்கு 4 சதவீதம். அந்த 4 சதவீதம் தன் அணிக்கு என்றால் ரசிகன் என்ன செய்ய வேண்டும்? அறிவுப்படி பார்த்தால் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். ஆனால் யாரும் அணைப்பதில்லை!

அப்படியானால் ரசிகன் முட்டாளா? இல்லை, கணக்குதான் தப்பா? கிரிக்கெட் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் இதற்குப் பதில் கிடைக்கிறது.

1983: காகிதத்தைத் தின்ற பத்திரிகையாளர்

இந்திய ரசிகர்கள் "கணக்கை நம்பாதே" என்று கற்றுக்கொண்ட வருடம் 1983. அதற்கு முன் நடந்த இரண்டு உலகக் கோப்பைகளிலும் சேர்த்து இந்தியா வென்றது ஒரே ஒரு போட்டி. அதுவும் 1975-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எதிராக. 1983 போட்டி தொடங்கும்போது இங்கிலாந்துச் சூதாட்டக் கடைகளில் இந்தியாவுக்குக் கிடைத்த மதிப்பு 66-க்கு 1. அதாவது இந்தியா கோப்பையை வெல்லும் என்று 1 பவுண்டு கட்டினால் 66 பவுண்டு லாபம். அவ்வளவு நம்பிக்கை!

டேவிட் ஃப்ரித் என்ற கிரிக்கெட் பத்திரிகை ஆசிரியர், இந்தியா போன்ற பலவீனமான அணிகள் போட்டியிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்ற பொருளில் எழுதினார். பழைய முடிவுகளை வைத்துப் பார்த்தால் அவர் எழுதியதில் பெரிய பிழை இல்லை. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையில் கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 ரன் எடுத்தார். இறுதிப் போட்டியில் இந்தியா 183 ரன்னுக்குச் சுருண்டது. இரண்டு முறை தொடர்ந்து கோப்பை வென்றிருந்த மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு 183 ஒரு பொருட்டா? ஆனாலும் இந்தியா 43 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்த இறுதிப் போட்டியில் இரண்டு அணிகளிலும் சேர்த்து அதிக ரன் எடுத்தவர் சென்னையின் ஸ்ரீகாந்த். 38 ரன்! ஒரு வாசகர் கேட்டுக்கொண்டபடி, ஃப்ரித் தான் எழுதிய பக்கத்தை நிஜமாகவே மென்று தின்றார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 66-க்கு 1 என்பது "இந்தியா தோற்கும்" என்ற தீர்ப்பு அல்ல. "இது மிக அபூர்வமாகத்தான் நடக்கும்" என்பதுதான் அதன் அர்த்தம். அபூர்வமானது நடந்தது. கணக்கு பொய்யாகவில்லை. அதைப் படித்தவர்கள்தான் "அபூர்வம்" என்பதை "நடக்காது" என்று எடுத்துக்கொண்டார்கள்.

மழை கொண்டுவந்த கணிதம்

அந்தக் காலத்தில் ரசிகனுக்குத் தெரிந்த புள்ளிவிவரம் ஸ்கோர் மட்டும்தான். வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்களின் தமிழ் வர்ணனையைக் கேட்டுக்கொண்டே, எத்தனை ரன் வேண்டும், எத்தனை ஓவர் இருக்கிறது என்று மனக்கணக்குப் போடுவார்கள். அதைத் தாண்டிய கணிதம் கிரிக்கெட்டுக்குள் நுழைந்ததற்கு முக்கியக் காரணம் மழை.

1992 மார்ச் 22, சிட்னி. உலகக் கோப்பை அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவை. மழை வந்தது. சில நிமிடங்கள் கழித்து ஆட்டம் தொடங்கியபோது, அன்றைய விதிப்படி மிச்சம் இருந்தது ஒரே பந்து. தேவை 21 ரன்! உலகமே சிரித்தது, தென்னாப்பிரிக்கா அழுதது.

இந்த அபத்தத்துக்கு மாற்றாக வந்ததுதான் ஃப்ராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்ற இரண்டு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள் உருவாக்கிய முறை. சர்வதேசப் போட்டியில் இது முதலில் பயன்பட்டது 1997 ஜனவரி 1, ஜிம்பாப்வே - இங்கிலாந்து ஆட்டத்தில். இதன் அடிப்படை எளிமையானது. ஓர் அணியிடம் இருக்கும் சொத்து இரண்டு: மீதமுள்ள ஓவர், மீதமுள்ள விக்கெட். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இந்த நிலையிலிருந்து அணிகள் பொதுவாக எவ்வளவு ரன் எடுத்திருக்கின்றன என்று பழைய ஆட்டங்களிலிருந்து கணிப்பது. நம் பக்கத்திலும் ஒருவர் இதற்கு மாற்று முறை கண்டுபிடித்தார். கேரளத்தின் திருச்சூரைச் சேர்ந்த பொறியாளர் வி. ஜெயதேவன். அவர் பெயரில் உள்ள விஜேடி முறை இந்தியாவின் உள்நாட்டுப் போட்டிகளில் பயன்பட்டது.

மழைக்கு இலக்கு சொல்ல முடியும் என்றால், வெற்றி வாய்ப்பையும் சொல்ல முடியும்தானே? நியூசிலாந்தின் கேண்டர்பரி பல்கலைக்கழகத்தில் ஸ்காட் புரூக்கர், ஷேமஸ் ஹோகன் ஆகியோரின் ஆய்விலிருந்து பிறந்த "வாஸ்ப்" என்ற கணிப்பு முறை 2012-இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் வந்தது. இன்று திரையின் மூலையில் வரும் சதவீதக் கட்டங்களுக்கு அது ஒரு முன்னோடி.

பேஸ்பால் சொல்லும் பாடம்

இந்த விஷயத்தில் கிரிக்கெட்டுக்கு அண்ணன் அமெரிக்காவின் பேஸ்பால். பில் ஜேம்ஸ் என்ற கான்சாஸ்காரர் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல் வேலை பார்த்துக்கொண்டே பேஸ்பால் புள்ளிவிவரங்களை அலசினார். 1977-இல் அதைத் தன் சொந்தச் செலவில் புத்தகமாகப் போட்டார். விளையாட்டு வல்லுநர்கள் கண்ணால் பார்த்துச் சொல்லும் பல தீர்ப்புகள் தவறு என்று எண்களால் காட்டினார். 2002-இல் பணம் குறைந்த ஓக்லாந்து அணி இந்த வகைச் சிந்தனையைப் பயன்படுத்தித் தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்றது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. பில் ஜேம்ஸைப் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி ஆலோசகராக வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1918-க்குப் பிறகு கோப்பையே பார்க்காத அணி அது. "சாபம் பிடித்த அணி" என்று ரசிகர்களே சொல்லிக்கொண்டார்கள். 2004 அரையிறுதித் தொடரில் பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றது. அந்த நிலையிலிருந்து அதுவரை எந்த பேஸ்பால் அணியும் மீண்டதில்லை. பாஸ்டன் அடுத்த நான்கையும் வென்றது, பிறகு கோப்பையையும் வென்றது!

எண்களை நம்பிய மனிதரும், எண்கள் கைவிட்ட பிறகும் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்த ரசிகர்களும் ஒரே அணியின் பக்கம் இருந்தார்கள். அணியைக் கட்டியதில் கணக்குக்குப் பங்கு உண்டு. ஆனால் நான்காவது ஆட்டத்துக்கு மைதானத்தில் ஆட்களை உட்கார வைத்தது கணக்கு அல்ல.

ஈடன் கார்டனும் சேப்பாக்கமும்

அதிசய வெற்றிகளை மட்டும் அடுக்கிக்கொண்டே போனால் அது பாதிக் கதைதான். ரசிகனின் ஞாபகம் மோசமான புள்ளிவிவர ஏடு. நடந்த அதிசயத்தை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும், நடக்காமல் போன தொண்ணூற்றொன்பதை மறந்துவிடும். எனவே இரண்டு தோல்விகளையும் பார்க்க வேண்டும்.

1996 மார்ச் 13, கல்கத்தா ஈடன் கார்டன். உலகக் கோப்பை அரையிறுதியில் இலங்கை எடுத்தது 251. இந்தியா ஒரு விக்கெட் இழப்புக்கு 98 என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சச்சின் 65-இல் ஸ்டம்பிங் ஆனார். அடுத்த 22 ரன்னுக்குள் மேலும் ஆறு பேர் காலி. 120-க்கு 8! கூட்டத்தால் தாங்க முடியவில்லை. பாட்டில்கள் பறந்தன, இருக்கைகளில் தீ எரிந்தது. நடுவர் கிளைவ் லாயிட் ஆட்டத்தை நிறுத்தி, இலங்கை வென்றதாக அறிவித்தார். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறினார்.

1999 ஜனவரி 31, சென்னை சேப்பாக்கம். எதிரணி பாகிஸ்தான். இலக்கு 271. இந்தியா 82 ரன்னுக்கு 5 விக்கெட். முதுகு வலியோடு ஆடிய சச்சின், நயன் மோங்கியாவைச் சேர்த்துக்கொண்டு கணக்கை மெல்ல மெல்லத் திருப்பினார். 136 ரன் எடுத்து அவர் அவுட் ஆனபோது தேவை வெறும் 17 ரன், கையில் மூன்று விக்கெட். அந்த நிமிடம் எந்தக் கணக்குப் போட்டாலும் இந்தியாவுக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் வந்தது இன்னும் 4 ரன் மட்டுமே. 12 ரன்னில் தோல்வி.

மைதானத்தில் சில நொடிகள் மயான அமைதி. பிறகு நடந்ததுதான் சேப்பாக்கத்தைச் சேப்பாக்கம் ஆக்கியது. கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அந்த வீரர்கள் கைதட்டலை ஏற்றுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள்.

இரண்டு இடத்திலும் அன்புக்குக் குறைவில்லை. முடிவு வந்ததும் அதை ஏற்றுக்கொண்டதில்தான் வித்தியாசம். முடிவு வரும் வரை எண்ணை நம்ப மறுப்பது ரசிகனின் உரிமை. வந்த பிறகும் மறுத்தால் அது தீ வைப்பதில் போய் முடிகிறது.

மஞ்சள் சட்டையின் மூன்று இரவுகள்

2016, 2017 இரண்டு வருடமும் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு ஐபிஎல்லில் தடை. 2018-இல் திரும்பி வந்தபோது முப்பது வயதைத் தாண்டியவர்களே அணியில் அதிகம். "அப்பாக்கள் அணி" என்று கேலி செய்தார்கள். காவிரிப் போராட்டம் காரணமாகச் சென்னையில் ஒரே ஆட்டத்தோடு நிறுத்தி, மற்ற ஆட்டங்களைப் புனேவுக்கு மாற்றினார்கள். வயது, சொந்த மைதானம் என்று எதைக் கூட்டிக் கழித்தாலும் சென்னைக்குச் சாதகம் இல்லை. ரசிகர்களோ தனி ரயில் ஏறினார்கள்! "விசில் போடு எக்ஸ்பிரஸ்" ஏறக்குறைய ஆயிரம் பேரைப் புனேவுக்குக் கொண்டுபோனது. இறுதிப் போட்டியில் 36 வயது ஷேன் வாட்சன் முதல் 10 பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. முடிவில் அவர் எடுத்தது ஆட்டமிழக்காமல் 117. கோப்பை சென்னைக்கு.

அடுத்த வருடம் அதே வாட்சன், அதே இறுதிப் போட்டி, எதிரில் மும்பை. முழங்காலில் ரத்தம் வழிய 80 ரன் எடுத்தார். கடைசிப் பந்தில் 2 ரன் தேவை. மலிங்கா வீச, ஷர்துல் தாக்கூர் எல்பிடபிள்யூ. 1 ரன்னில் தோல்வி. ரத்தம் சிந்தினால் கூடுதல் ரன் கிடைக்கும் என்று எந்த விதியும் இல்லை.

2023-இல் மூன்றாவது இரவு. அகமதாபாத்தில் மழையால் இறுதிப் போட்டி அடுத்த நாளுக்குப் போனது. குஜராத் அணியின் 214 ரன்னில் 96-ஐ எடுத்து சென்னை ரசிகர்களின் வயிற்றைக் கலக்கியவர், சென்னைப் பையனான சாய் சுதர்சன்! மீண்டும் மழை. டக்வொர்த் - லூயிஸ் - ஸ்டெர்ன் என்று பெயர் நீண்டுவிட்ட அதே முறைப்படி சென்னைக்கு 15 ஓவரில் 171 இலக்கு. கடைசி 2 பந்தில் 10 ரன் தேவை. ஜடேஜா அடித்தது ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்கும் அணியின் வாய்ப்பு ஏதோ ஒரு கட்டத்தில் 1 சதவீதத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். கணிப்பு முறை சரியாக இருந்தால், அப்படி இறங்கிய அணிகளில் நூற்றுக்கு ஒன்று மீண்டு வந்து ஜெயிக்கும். ஐபிஎல்லில் ஒரு சீசனுக்கு 74 ஆட்டங்கள். ஆக, நாலு சீசனுக்கு மூன்று "நடக்கவே நடக்காது" நடக்கும் என்று கணக்கே சொல்கிறது! டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருப்பவன் கணக்கை மீறவில்லை. அந்த நூற்றில் ஒன்று இன்றைக்காக இருக்கலாம் என்று காத்திருக்கிறான், அவ்வளவுதான்.

சின்னப்பம்பட்டியிலிருந்து பிரிஸ்பேன் வரை

தொப்பூரைத் தாண்டினால் சேலம் மாவட்டம். அந்த மாவட்டத்தின் சின்னப்பம்பட்டி என்ற கிராமத்தில் பிறந்தவர் டி. நடராஜன். டென்னிஸ் பந்தில் விளையாடி வளர்ந்தவர். 2020 இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குப் போனது, வலைப் பயிற்சியில் பந்து வீசுவதற்காக. திரும்பி வந்தபோது ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் ஒரே சுற்றுப்பயணத்தில் அறிமுகமான முதல் இந்தியர்!

அந்தத் தொடரே ஒரு பாடம். 2020 டிசம்பர் 19-இல் அடிலெய்டில் இந்தியா 36 ரன்னுக்கு ஆல் அவுட். கேப்டன் கோலி ஊருக்குத் திரும்பினார். ஒருவர் பின் ஒருவராகக் காயம். கடைசி டெஸ்ட் பிரிஸ்பேனில். அங்கே ஆஸ்திரேலியா 1988-க்குப் பிறகு தோற்றதே இல்லை. நடராஜனும் சென்னையின் வாஷிங்டன் சுந்தரும் அங்கேதான் டெஸ்டில் அறிமுகமானார்கள். முதல் இன்னிங்ஸில் இருவரும் ஆளுக்கு 3 விக்கெட். சுந்தர் 62 ரன்னும் எடுத்தார். 2021 ஜனவரி 19 அன்று 328 என்ற இலக்கை இந்தியா 3 விக்கெட் மீதம் வைத்து எட்டியது.

எந்தக் கணிப்பு முறைக்கும் பழைய தகவல் வேண்டும். அந்த டெஸ்ட் தொடங்கிய நாளில் நடராஜனுக்கோ சுந்தருக்கோ டெஸ்ட் கிரிக்கெட்டில் எந்தத் தகவலும் இல்லை. கணக்கு தடுமாறும் இடம் இதுதான். உணர்ச்சி பெரிது என்பதால் அல்ல, புதிய மனிதரைப் பற்றிப் பழைய ஏட்டில் எதுவும் எழுதப்படவில்லை என்பதால்.

பெங்களூரின் பதினெட்டு வருடம்

இனி தொப்பூருக்குப் பக்கத்து அணி. "ஈ சாலா கப் நம்தே", அதாவது "இந்த வருடம் கோப்பை நமதே" என்பது பெங்களூர் ரசிகர்களின் முழக்கம். இதுவும் ஒரு கணிப்புதானே! வருடா வருடம் பொய்த்த கணிப்பு. 2009, 2011, 2016 மூன்று இறுதிப் போட்டிகளிலும் தோல்வி. 2016-இல் விராட் கோலி ஒரே சீசனில் 973 ரன் குவித்தும் கோப்பை இல்லை. 2017-இல் 49 ரன்னுக்கு ஆல் அவுட்.

"ராசியில்லாத அணி" என்றார்கள். ஆனால் கணக்குப் போட்டால் ராசி தேவைப்படவில்லை. சம பலமுள்ள எட்டு அணிகள் என்று வைத்துக்கொண்டால், ஒரு வருடம் கோப்பை கிடைக்காமல் போகும் வாய்ப்பு எட்டில் ஏழு. தொடர்ந்து 17 வருடம் கிடைக்காமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 10 சதவீதம். எட்டு அணிகளில் ஒன்றுக்கு இது நேர்வது சாதாரணம். இந்த இடத்தில் புள்ளிவிவரம் ரசிகனுக்கு எதிரி அல்ல, ஆறுதல்! சாபம் எதுவும் இல்லை என்று சொல்கிறது.

2025 ஜூன் 3 அன்று பஞ்சாப்பை 6 ரன்னில் வென்று, 18-வது சீசனில் பெங்களூர் முதல் கோப்பையைப் பிடித்தது. அதே வருடம் ஐந்து கோப்பை வென்ற சென்னை பட்டியலில் கடைசி இடம்!

மறுநாள் நடந்ததை மறைக்க முடியாது. ஜூன் 4 அன்று வெற்றியைக் கொண்டாட சின்னசாமி மைதானத்தைச் சுற்றி லட்சக்கணக்கில் கூட்டம் திரண்டது. மைதானத்தில் உட்கார முடிவதோ ஏறக்குறைய 35 ஆயிரம் பேர். வாசல்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் இறந்துபோனார்கள். 18 வருடம் காத்திருந்த அன்பைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் எத்தனை பேர் வருவார்கள், எத்தனை வாசல், எவ்வளவு இடம் என்ற கணக்கு அன்றைக்கு வேலை செய்திருக்க வேண்டும். அது ரசிகன் போட வேண்டிய கணக்கு அல்ல, கொண்டாட்டத்தை நடத்துபவர்கள் போட வேண்டிய கணக்கு.

எது எங்கே?

ஆக, கணக்கா மனசா என்ற கேள்வியே கொஞ்சம் தவறானது. கணக்கு பேசுவது நூறு ஆட்டங்களைப் பற்றி. ரசிகன் பார்ப்பது இன்றைய ஒரே ஆட்டத்தை. 66-க்கு 1 என்ற எண் இல்லாவிட்டால் 1983-இன் அருமை யாருக்கும் புரியாது. அதிசயம் எவ்வளவு பெரியது என்று அளந்து காட்டுவதே அந்த எண்தான். அணியைத் தேர்வு செய்பவருக்கும், மழைக்கு இலக்கு சொல்பவருக்கும், கூட்டத்தைக் கட்டுப்படுத்துபவருக்கும் கணக்கு வேண்டும். கடைசி இடத்தில் இருக்கும் அணிக்காக அடுத்த வருடமும் விசில் அடிப்பவருக்கு அது வேண்டியதில்லை.

தொப்பூர் கணவாயில் சுமையோடு இறங்கும் லாரி ஓட்டுநருக்கு இது நன்றாகத் தெரியும். வண்டியை நியூட்ரலில் விட்டு, "ஒன்றும் ஆகாது" என்று நம்பிக்கையில் இறங்கக் கூடாது. அங்கே கியரும் பிரேக்கும் வேகப் பலகையில் உள்ள எண்ணும்தான் பேச வேண்டும். பத்திரமாக இறங்கி, ஓரமாக வண்டியை நிறுத்தி, டீ வாங்கிக்கொண்டு போனைத் திறந்து ஸ்கோர் பார்க்கும்போது... "2 பந்தில் 10 ரன்தானே, அடிச்சிடுவான்!" என்று தாராளமாக நம்பலாம்.